குதிரைக்குக் கொடுத்த கரண்ட்

என் கணவர் குதிரையாக நின்றதை நான் இந்த இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

காலை நேரம். உரும்பிராயில் எங்கள் வீட்டு ஒழுங்கை. எங்கள் மொறிஸ் மைனர் கார் படலைக் கதவுக்கு வெளியே நிற்கிறது. அதன் முன் பம்பரில் இரண்டு கமுகந்தடிகளை நீட்டிக் கட்டியிருக்கிறோம். அந்தத் தடிகளுக்கு நடுவில் நிற்கவேண்டிய குதிரை வேலியோரமாகப் புல் மேய்கிறது. நடுவில் நிற்பவர் என் கணவர். நெஞ்சில் குதிரையின் பட்டி. சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார். சாரத்துக்குப் பின்னால், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு வயர்.

ஒழுங்கை முழுக்கச் சனம். மதிலில் ஏறி இருந்தவர்களும் உண்டு.

“மச்சான், ரெடியோ?” என்று காருக்குள் இருந்து என் அண்ணை தலையை நீட்டிக் கேட்டார்.

“ஓம், ரெடி” என்றார் என் கணவர். இந்த மனிதருக்குக் கழுத்தை நீட்டிய நாளை நினைத்துக்கொண்டு நான் படலையைப் பிடித்தபடி நின்றேன்.

போன கிழமை மண்ணெண்ணெய்க் காலத்தைப் பற்றி எழுதியபோது எங்கள் காரின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். “பிறகு காருக்கு என்ன நடந்தது?” என்று ஒரு வாசகி விசாரித்திருக்கிறார். இதுதான் அம்மா நடந்தது. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

‘முந்தி’ என்று ஒரு சொல்

என் கணவரை ஊரில் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் ‘றைவர்’. வாடகைக் கார் ஓட்டுகிறவர். பிள்ளைப்பேறு, கலியாணம், காங்கேசன்துறை ரயில் என்று ஊரில் யாருக்கு அவசரம் வந்தாலும் எங்கள் படலையில்தான் வந்து தட்டுவார்கள். கடிதத்தில்கூட ‘றைவர், உரும்பிராய்’ என்று எழுதினால் வந்து சேரும்.

போரும் பொருளாதாரத் தடையும் வந்து பெற்றோல் வருவது நின்றது. மற்றவர்களைப் போல இவரும் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பார்த்தார். கார் போன பிறகும் புகை வெகுநேரம் ஒழுங்கையில் நிற்கும், கொடியில் காயும் சேலையெல்லாம் மணக்கும். ஒருநாள் கோண்டாவில் தாண்டும்போது எஞ்சின் இறுகிப்போனது. மாற்றுவதற்குச் சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். கொழும்பிலிருந்து நெருப்புப்பெட்டியே வராத காலம் அது. எஞ்சினைக் கழற்றி மாட்டுக்கொட்டிலில் வைத்துச் சாக்கால் போர்த்திவிட்டார். வெறுமையாய்க் கிடந்த பொனற்றுக்குள் எங்கள் கோழி அடைக்கு இருந்தது.

ஆனாலும் தினமும் காலையில் காரைத் துடைப்பார். துடைத்துவிட்டு உள்ளே ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்சநேரம் இருப்பார். கோழி பொனற்றுக்குள் இருந்து முனகும். நான் சிரித்ததில்லை.

ஒருநாள் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நிற்கும்போது யாரோ புதிதாக வந்தவருக்கு இவரைக் காட்டி, “இவர்தான், முந்திக் கார் ஓடின மனிசன்” என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து உமல் பையைக் கீழே வைத்தார். காருக்குள் போய் இருந்தார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சோற்றைக் கோப்பையில் போட்டுக் காரடிக்குக் கொண்டுபோனேன்.

“இஞ்சேருங்கோ, சாப்பிடுங்கோ.”

“முந்தியாம்” என்றார் அவர். அன்றிலிருந்து ஒரு சொல், இரண்டு சொல்தான்.

எனக்கு அன்றைக்குப் பயம் பிடித்தது. குண்டு போட வரும் பொம்மருக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. பொம்மர் வந்தால் பங்கருக்குள் ஓடலாம். மனிதர் கண்முன்னால் இருந்துகொண்டே இல்லாமல் போவதற்கு எந்தக் குழிக்குள் ஓடுவது?

துரை வந்தார்

நெடுந்தீவில் குதிரைகள் தம்பாட்டில் திரிவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒல்லாந்தர் விட்டுப்போனவை என்பார்கள். இல்லை, போர்த்துக்கேயர் என்று சண்டைக்கு வருவாரும் உண்டு. யார் விட்டுப்போனதோ, அந்த வழியில் வந்த மட்டக்குதிரை ஒன்று எங்களிடம் வந்து சேர்ந்தது. தீவிலிருந்து இடம்பெயர்ந்த ஒருவர் பெட்டி படுக்கையை விட்டுவிட்டுக் குதிரையைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அகதியாய் இருக்கிறவர் குதிரையை எந்த வகுப்பில் கட்டுவது?

“ஊருக்குத் திரும்பிப் போகேக்கை வந்து எடுக்கிறன். அதுமட்டும் வைச்சிருங்கோ. பெயர் துரை” என்று கயிற்றைத் தந்துவிட்டுப் போனார்.

துரைக்கு உருண்டை வயிறு. நெற்றி மயிர் கண்ணை மறைத்துத் தொங்கும். ஓய்வுபெற்ற அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் மாதிரி ஒரு முகம். என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு காரைச் சுற்றி வந்தார்.

“இஞ்சேரும்” என்றார் என்னிடம். “எங்களிட்டை எஞ்சின் இல்லாத காரொண்டு கிடக்கு. கார் இல்லாத எஞ்சினொண்டு வந்து நிக்குது.”

விசர் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் இரண்டு வசனம் சேர்ந்தாற்போலக் கதைத்திருக்கிறார். நான் சாக்கையும் பழைய ரயர் ரியூப்பையும் வெட்டி நெஞ்சுப்பட்டி தைத்துக் கொடுத்தேன். கோழியை முட்டைகளோடு வேறு இடத்துக்கு மாற்றினேன்.

செய்தி பரவியதும் முதலில் வந்தவர் மங்களக்கா. அவருடைய மகனுக்கு மருதனார்மடத்தில் பெண் பார்த்து, ஆவணியில் கலியாணம் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் மாப்பிள்ளைமார் சைக்கிளில் போய்த் தாலி கட்டிவிட்டு, பொம்பிளையைப் பாரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மங்களக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

“என்ரை பெடியன் சைக்கிள் உழக்கிக்கொண்டு போய்த் தாலி கட்டேலாது, றைவர். கார் வேணும். அதை எது இழுத்தாலும் எனக்குக் காரியமில்லை.”

“கார் வரும், அக்கா” என்றார் என் கணவர். அதைச் சொன்ன குரல் பழைய குரல். எனக்கு அந்தக் குரல் வேண்டும். அதற்காகக் குதிரை அல்ல, யானை கட்டினாலும் சம்மதம் என்றிருந்தேன்.

ஆனால் துரைக்குச் சம்மதமில்லை. கொட்டிலில் இருந்து காரடிவரை இவர் பின்னால் நல்ல பிள்ளையாக நடந்து வரும். பட்டியைப் பூட்டிவிட்டு இவர் காருக்குள் ஏறி, யன்னலால் கயிற்றைப் பிடித்து “போ, துரை” என்றதும் திரும்பிப் பார்க்கும். பத்துப் பாக தூரம் போகும். வைரவர் கோயில் முடக்குத் திருப்பத்தில் நின்றுவிடும். கெஞ்சினார், அதட்டினார், பனங்கட்டி காட்டினார். துரை நின்ற இடத்திலேயே நின்றார்.

ஞாபகமூட்டி

இந்த இடத்தில் என் அண்ணை தவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். றேடியோ திருத்துகிறவர். கரண்ட் இல்லாமல் போனபிறகு ஊருக்கு மின்சார சபை அவர்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் செய்தி கேட்பதை எங்கள் பகுதிக்கு அறிமுகப்படுத்தியவர் தானே என்பது அவருடைய வாதம். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இதையே சொன்னார் என்பது வேறு விசயம்.

அண்ணை துரையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு பெட்டியோடு வந்தார். சைக்கிள் டைனமோ ஒன்று காரின் முன் ரயரோடு உரசிக்கொண்டு நிற்கும். அதில் வரும் கரண்ட் பழைய றேடியோவுக்குள் இருந்த ஒரு சாமான் வழியாகப் போய்ப் பெருகும். பிறகு வயரால் குதிரையின் பின்பக்கத்துக்குப் போகும். இவர் கையில் ஒரு சுவிட்ச். அது எங்கள் வீட்டு வாசல் மணியின் சுவிட்ச்தான். மணி எப்படியும் அடிப்பதில்லை என்று கழற்றிவிட்டார்.

“வாயில்லாச் சீவனுக்குக் கரண்ட் அடிக்கப் போறியளோ?” என்றேன்.

“அடிக்கிறேல்லைப் பிள்ளை. உது ஞாபகமூட்டி. நடக்க மறந்துபோனால் ஞாபகப்படுத்தும். அவ்வளவுதான்.”

ஞாபகமூட்டி! எங்கள் ஆட்கள் எந்தக் கெட்ட வேலைக்கும் முதலில் நல்ல தமிழில் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பூவரசந்தடிக்கு ‘அன்பளிப்பு’ என்று பெயர் வைத்திருந்தார். அன்பளிப்பு வாங்காத கை எங்கள் வகுப்பில் இல்லை.

“அப்ப எனக்கு ஒருக்கால் ஞாபகப்படுத்துங்கோ பாப்பம்” என்று வயரைப் பிடித்தேன். அண்ணை டைனமோவைக் கையால் ஒரு சுழற்றுச் சுழற்றினார். முழங்கைவரை சுள்ளென்று ஏறியது. வாய்க்குள் செப்புக்காசு வைத்தது போல ஒரு சுவை. நான் போட்ட சத்தத்தில் துரை இரண்டு அடி பின்னால் போனது.

“நீ கரண்டைக் கண்டு கனகாலமெல்லோ. அதுதான் பழக்கமில்லை” என்றார் அண்ணை.

என் கணவர் சுவிட்சை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தார். கலியாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தள்ளினால் கரண்ட்

முதல் ஓட்டம். துரை வழக்கம்போல வைரவர் கோயில் முடக்கில் நின்றது. இவர் சுவிட்சை அமத்தினார். ஒன்றுமில்லை. இன்னொருமுறை அமத்தினார். துரை வாலை ஆட்டி ஈயை விரட்டியது.

“சில்லுச் சுத்தினால்தானே மச்சான் கரண்ட் வரும்” என்றார் அண்ணை. “கொஞ்சம் தள்ளிவிடுவம்.”

பக்கத்து வீட்டுக்காரர், தோட்டத்துக்குப் போனவர்கள், வைரவருக்கு விளக்கு வைக்க வந்தவர் என்று எல்லோரும் கூடிக் காரைத் தள்ளினார்கள். சில்லுச் சுற்றியது. கரண்ட் வந்தது. துரை துள்ளிப் பின்னங்காலால் உதைத்தது. வலதுபக்க லைற் உடைந்தது. கார் நின்றது. கரண்டும் நின்றது. துரையும் நின்றது.

“பாத்தியளோ, வேலை செய்யுது!” என்றார் அண்ணை. “இன்னும் பலமாத் தள்ளுங்கோ!”

குதிரை காரை இழுப்பதற்காக மனிதர் காரைத் தள்ளினார்கள். எனக்குத் தெரிந்து வேறெந்த நாட்டிலும் போக்குவரத்து இப்படி நடந்ததில்லை. இரண்டு மூன்று நாள் ஞாபகமூட்டியதில் துரைக்கு நன்றாகவே ஞாபகம் வந்துவிட்டது. முன்பு முடக்குவரை போனது, இப்போது படலையைத் தாண்ட மறுத்தது. சில்லு அசைகிற சத்தம் கேட்டாலே நாலு காலையும் ஊன்றி நின்று நடுங்கியது.

அந்த நடுக்கத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “வேண்டாம், விடுங்கோ” என்று சொன்னேன்.

“கார் வருமெண்டு வாக்குக் குடுத்திட்டன்” என்றார் அவர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பங்கருக்குள் நியாயம்

விசயம் வாசிகசாலைக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் எதுவும் கடைசியில் அங்கேதான் போகும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டம் கூடினார்கள். குதிரைக்குக் கரண்ட் கொடுப்பது நியாயமா?

முதலில் எழும்பியவர் கோபமாகவே எழும்பினார். “மனிசருக்கே கரண்ட் இல்லாத ஊரிலை குதிரைக்குக் கரண்டோ? எங்கடை வீட்டு பல்ப்பிலை சிலந்தி கூடு கட்டிக் கிடக்கு! முதல் எங்களுக்குத் தாங்கோ. மிச்சம் இருந்தால் குதிரைக்குக் குடுக்கலாம்!” பலத்த கைதட்டல்.

இன்னொருவர், வாயில்லாச் சீவனை வருத்துவது பாவம் என்றார். மாட்டுச் சவாரிப் போட்டியில் நாம்பன் மாட்டின் வாலைக் கடித்தே முதலாவதாய் வருகிறவர் அவர். துவரந்தடி முனையில் ஆணி வைக்கலாமென்றால் வயர் வைத்தாலென்ன என்று ஒருவர் கேட்க, இரண்டு பேரும் சால்வையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பொம்மர் இரைந்தது. எல்லோரும் பங்கருக்குள் இறங்கினோம். உள்ளே இருட்டு, ஈர மண் மணம், ஒருவர் முழங்கால் ஒருவர் முதுகில். கூட்டம் கலைந்தது என்றா நினைக்கிறீர்கள்? தலைவர் இருட்டுக்குள் இருந்தே, “அடுத்தவர் கதைக்கலாம்” என்றார்.

“உது அடி இல்லை” என்று என் கணவரின் குரல் வந்தது. “அடிச்சால் தழும்பு வரும். உதிலை தழும்பே வராது.”

“தழும்பு வராட்டில் நோகேல்லையெண்டு சொல்லேலுமோ, றைவர்?” என்று தலைவர் கேட்டார்.

“நோகுதெண்டு குதிரை சொல்லேல்லையே?” என்றார் யாரோ.

தூரத்தில் எங்கோ குண்டு விழுந்தது. மண் பொலபொலவென்று தலையில் கொட்டியது. எங்கள் தலைக்கு மேலே நடப்பதைப் பற்றி எங்களை ஒருவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. குதிரை விசயத்திலாவது நாங்கள் ஒரு முடிவுக்கு வரலாம் என்றுதான் அவ்வளவு பேரும் கத்தினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் மட்டும்தான்.

“நான் தொட்டுப் பாத்தனான்” என்றேன் இருட்டுக்குள். “நொந்தது. குதிரைக்கு வாயில்லை, எனக்கு இருக்கு, நான் சொல்லுறன். நோகாது எண்டு சொல்லுற ஆம்பிளையளிலை ஆர் அதைத் தொட்டனீங்கள்?”

ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. பொம்மர்கூடப் போய்விட்டது.

“நாளைக்குக் காலமை நான் பட்டியைப் போடுறன்” என்றார் என் கணவர். “குதிரையின்ரை இடத்திலை நானே நிண்டு காட்டுறன், உதிலை ஒண்டுமில்லையெண்டு.”

அவருக்கு வீம்பு. நான் அறிவேன். அதனால்தான் ஞாபகமூட்டியோடு அவர் ஒழுங்கையில் நின்றார்.

நடந்தால் அடி

அண்ணை சுவிட்சோடு காருக்குள். பின்னால் தள்ளுவதற்கு ஆட்கள். என் கணவர் நெஞ்சைக் கொடுத்து இழுத்தார். சில்லு அசைந்தது. அண்ணை சுவிட்சை அமத்தினார். மனிதர் ஒரு துள்ளுத் துள்ளினார். மதிலில் இருந்தவர்கள் ‘ஆ’ என்றார்கள். இவர் நின்றார். சில்லு நின்றது. கரண்ட் நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு அடி வைத்தார். இன்னும் ஒரு துள்ளல். நின்றார். மூன்றாம் முறை காலை ஊன்றிக்கொண்டார், துரை ஊன்றுகிற அதே மாதிரி.

“மச்சான், நடவுமன்!” என்று அண்ணை கத்தினார்.

என் கணவர் நடக்கவில்லை. யோசித்தார். துரை மேய்வதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

“மச்சான்” என்றார் என் கணவர் ஆற அமர. “நான் நடந்தால் அடிக்குது. நிண்டால் விடுது. உம்மடை சாமான் என்னத்தையப்பா ஞாபகப்படுத்துது?”

அண்ணை கையிலிருந்த சுவிட்சைப் பார்த்தார். டைனமோவைப் பார்த்தார். “நிக்கச் சொல்லி…” என்றார்.

ஒழுங்கை சிரிக்கத் தொடங்கியது. மதிலில் இருந்த ஒருவர் விழுந்தே விட்டார். என் கணவர் சிரிக்கவில்லை. பட்டியைக் கழற்றினார். துரையிடம் போய் அதன் கழுத்தில் கையை வைத்தார்.

“நீ சரியாத்தான் செய்தனீ” என்றார். “நாங்கள் சொன்னதைத்தான் நீ செய்தனீ.”

நான் தையல் கத்தரிக்கோலை எடுத்துவந்து வயரை வெட்டினேன்.

“நிக்கேக்கை அடிக்கிற மாதிரி மாத்திப் பூட்டினால்?” என்றார் அண்ணை.

“நிக்கேக்கை கரண்ட் எங்கையிருந்து வரும், அண்ணை?”

“அதுதான் யோசிக்கிறன்.” பாவம், கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தார்.

பட்டியைத் துரைக்கு மாற்றிப் பூட்டினோம். வழக்கமாகப் பூட்டியதும் இவர் காருக்குள் ஏறி இருப்பார். அன்றைக்கு, கரண்ட் பட்ட இடம் அப்படி, அவரால் எதிலும் குந்தி இருக்கமுடியாத நிலை. கயிற்றைப் பிடித்தபடி, சும்மா, முன்னால் நடந்தார்.

துரை பின்னால் நடந்தது. துரைக்குப் பின்னால் கார் நடந்தது. எங்கள் வீடு போனது, வைரவர் கோயில் முடக்கும் போனது. மதிலில் இருந்தவர்கள் இறங்கிப் பின்னால் வந்தார்கள். அந்தக் குதிரை ஒரு மனிதருக்குப் பின்னால் போகத்தான் பழகியிருக்கிறது. ஆளைக் காணாவிட்டால் நின்று தேடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு டைனமோ தேவைப்பட்டது.

அதற்குள் கார் வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்த அண்ணைக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது.

“பிறேக்கை அமத்தும்!” என்று இவர் கத்தினார். அண்ணை பதற்றத்தில் வாசல் மணிச் சுவிட்சை அமத்தினார்.

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, அண்ணையை மறுபக்கம் தள்ளிவிட்டு ஏறி இருந்தேன். பிறேக்கை மெல்ல அமத்தினேன். ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் வேலியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

என் கணவர் திரும்பிப் பார்த்தார். கலியாணம் கட்டி அத்தனை வருசத்தில் அந்த றைவர் சீற்றில் இருந்து வேறொருவரும் ஸ்டியரிங்கைத் திருப்பியதில்லை. துடைப்பதற்குக்கூட என்னை விட்டதில்லை. நான் இறங்குவதற்குக் கதவில் கையை வைத்தேன்.

“எங்கை பழகினீர்?” என்று கேட்டார்.

“இவ்வளவு காலமும் பக்கத்திலை இருந்து பாத்தனான்தானே.”

குதிரை போகவேண்டுமென்றால் அவர் முன்னால் நடக்கவேண்டும். அவர் நடந்தால் அவர் றைவர் இல்லை. அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

“குதிரை நிண்டால் உடனை பிறேக்கை அமத்தும். இல்லாட்டில் பம்பர் காலிலை முட்டும்” என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

மருதனார்மடம் சந்தி

கலியாண நாள் வந்தது. துரைக்கு மல்லிகைச் சரம். காருக்குச் சோடனை. பின்சீற்றில் தலைப்பாகை கூரையில் முட்ட மாப்பிள்ளை, பக்கத்தில் மங்களக்கா. நான் காலில் செருப்பில்லாமல் பிறேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டிருந்தேன். துரை போட்ட சாணத்தின் மணமும் மாப்பிள்ளையின் சந்தன மணமும் மாறி மாறி வந்தன.

“பொம்பிளை ஓட்டுற காரிலையோ என்ரை பெடியன் போறது?” என்று மங்களக்கா தொடங்கினார்.

“ஓட்டுறது குதிரை, அக்கா. நான் திருப்பிறன் மட்டும்.”

முன்னால் வெள்ளை வேட்டியில் அவர் நடந்தார். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. பின்னால் இருந்து அவர் தோளைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். ஊர்ச்சனம் சிரித்தால் இந்தத் தோள் தாங்குமா, வீட்டுக்குப் போனதும் மறுபடி அந்தக் காருக்குள் போய் வாய் மூடி இருந்துவிடுவாரா என்று எனக்குப் பயமாக இருந்தது.

மருதனார்மடம் சந்தியில் சந்தை கலையும் நேரம். சைக்கிள்கள் எல்லாம் நின்றுவிட்டன. கத்தரிக்காய்க் கடகத்தோடு நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். சந்தை வாசலில் வெற்றிலை விற்கிறவர் இவரைப் பல வருசமாகத் தெரிந்தவர். சிரித்துக்கொண்டு கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

“என்ன றைவர்! கார் ஓடுதோ?”

என் கணவர் நடையை நிறுத்தவில்லை. கையை மட்டும் தூக்கிப் பின்னால் காட்டினார்.

“றைவர் உள்ளை இருக்கிறா. அவவைக் கேள்.”

சந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, அந்தப் பழைய குரலில் சொன்னார். எனக்குக் கண் நிறைந்து றோட்டுத் தெரியாமல் போய்விட்டது. நல்லகாலம், குதிரைக்குத் தெரிந்தது.